‘ஜெபம் பண்ணுறன்’ என்று சொன்ன பிறகு

மட்டக்களப்பில் ஒருவரைப் பேசவைக்கப் பெரிய சொற்கள் தேவையில்லை. கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருக்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்து, “என்னகா, சாப்பிட்டியா?” என்று ஒரு அம்மா கேட்டுவிட்டால் பாதிக் கதை தானாக வந்துவிடும். மீதிக் கதையில்தான் கேட்பவருக்குச் சோதனை. கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அந்த இடத்தில் அவசரப்பட்டுவிடுகிறோம். “கவலைப்படாதீங்க, கர்த்தர் பார்த்துக்கொள்வார், நான் ஜெபம் பண்ணுறன்” என்று முடித்துவிடுகிறோம். விசுவாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனாலும் அதோடு எதிரில் இருப்பவரின் பேச்சு நின்றுபோவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

விசுவாசத்தைப் பேச்சில் பகிர்வது எப்படி என்று சபைகளில் வகுப்பெல்லாம் வைக்கிறார்கள். எந்த வசனத்தை எப்போது சொல்வது என்பதோடு அது நின்றுவிடுகிறது. எப்படிக் கேட்பது என்று யாரும் படிப்பிப்பதில்லை. எம்மாவு ஊருக்குத் துக்கத்தோடு நடந்துபோன இருவருடன் வழியில் சேர்ந்துகொண்ட இயேசு முதலில் கேட்டது, என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்பதைத்தான். நடந்தது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அவர்களைச் சொல்லவிட்டார். வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பிறகு.

வாவியின் இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் கேட்க ஆளில்லாத கதைகள் நிறைய. யுத்தம், 2004 சுனாமி, பிறகு 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு. ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் பலர் அதில் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ‘எல்லாம் தேவ சித்தம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆறுதலாகச் சொன்னது அவள் காதில் தீர்ப்பாக விழும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இந்த ஊரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். மதம் மாற்றுகிற இடம் அல்ல அது. ஆனால் என்னைக் கேட்டால், எங்கள் ஊரில் நடந்த நல்ல பிரசங்கங்களில் அதுவும் ஒன்று.

சுனாமி நிவாரணத்தோடு சுவிசேஷமும் விநியோகிக்கிறார்கள் என்ற கசப்பு நாட்டில் எழுந்தது. அதனால் கிறிஸ்தவன் அன்பாகப் பேசினால், பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று அயலவர் பார்க்கிறார். பார்க்கட்டும், அதில் பிழையில்லை. பலனை எண்ணாமல் செய்வதுதான் எங்கள் பங்கு. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த ஆண்டே இறந்துபோனார். பலனைக் காண அவர் இருக்கவில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் படித்த காரைதீவுப் பிள்ளை ஒருவர் பின்னாளில் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி, சுவாமி விபுலாநந்தர் ஆனார். படிப்பித்த பாதிரிமாருக்கு அது நட்டமா? நான் அப்படி எண்ணமாட்டேன். கணக்குப் பார்த்துச் சொல்கிற நல்ல வார்த்தை வியாபாரம்.

‘ஜெபம் பண்ணுறன்’ என்று சொல்லவே கூடாது என்பதல்ல. சொன்னால், அடுத்த கிழமை அதே ஆளைக் கண்டு, “ரிப்போட் வந்திட்டுதா? டொக்டர் என்ன சொன்னவர்?” என்று கேட்க வேண்டும். கேட்க நினைவில்லாதவர் ஜெபத்தில் மட்டும் நினைத்திருப்பாரா?

ஹரி மில்லர் அடிகளாரைத்தான் நினைக்கிறேன். 1948இல் அமெரிக்காவிலிருந்து மிக்கேல் கல்லூரிக்கு வந்தவர். யுத்தகாலத்தில், பிள்ளையைக் காணவில்லை என்று வந்தவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு எழுதி வைத்தார். சக குருவான யூஜின் ஹேபியர் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி காணாமல்போன பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. முதுமையில் ஓய்வுக்காக அமெரிக்கா போனவர், திரும்பி இங்கேயே வந்துவிட்டார். 2017 புத்தாண்டு தினத்தன்று மட்டக்களப்பில் காலமானார்.