தலையணைக்கடியில் ஒரு துப்பாக்கி

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். பின்னறை வாசலில் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். எழுபதை நெருங்கும் விவசாயி. கருமத்தம்பட்டியிலிருந்து சற்றே உள்ளடங்கிய தோட்டமொன்றில் மனைவியோடு தனியே வாழ்பவர். ஜெபமாலை மாதாவின் தேருக்கு ஆண்டுதோறும் வடம் பிடிப்பவர். மடியிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். உறவினர் வீட்டுத் திருமண ஓலையாக இருக்கும் என்று எண்ணிப் பிரித்தேன். துப்பாக்கி உரிமம் கோரும் விண்ணப்பப் படிவம் அது.

“பையன் பெங்களூர்ல இருந்து அனுப்பி வச்சானுங்க சாமி. ரிவால்வர் வாங்கறதா, ரெட்டைக்குழல் வாங்கறதான்னு அவனுக்கும் எனக்கும் பேச்சு ஓடிட்டிருக்குதுங்க. அது கெடக்கட்டும். நான் கேக்க வந்தது வேற. திருடனைச் சுட்டுப்போட்டு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணுனா மன்னிப்பு உண்டுங்களா?”

குருமடத்தில் நான் பயின்ற அறநெறி இறையியல் ஏடுகளில் இந்த வினாவுக்கு விடை உண்டு. எனினும் அவர் முகத்தைப் பார்த்து அதை ஒப்பிக்க எனக்கு நா எழவில்லை. “அடுத்த வாரம் சாளைக்கே வர்றேன், உக்காந்து பேசலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் என் உள்ளத்தில் ஓடியவற்றையும், சாளையில் நடந்ததையும் வாசகர்முன் வைக்கிறேன்.

அவருடைய அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட இயலாது. 2024 நவம்பர் இறுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த முதிய தம்பதியும் அவர்கள் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதங்கள் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கத்தில் மற்றொரு முதிய தம்பதி அவ்வாறே மாண்டார்கள். கைதுகள் நடந்தன, குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்த நாள்களுக்குப் பிறகு கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மாலை விளக்கேற்றும் வேளையே மாறிப்போயிற்று. முன்பு ஒரு சாளை என்றால் மூன்று தலைமுறையும், பண்ணையாட்களும், கட்டுத்தறி நிறைய மாடுகளும் இருந்த காலம். இன்று பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். பத்து ஏக்கர் தென்னைக்கு நடுவே இரண்டு முதியவர்களும் ஒரு நாயும் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் கூவினால் கேட்கும் தொலைவில் அடுத்த வீடு இல்லை.

இதையெல்லாம் எழுதும் நானோ, இரவுக் காவலர் சுற்றிவரும் ஆலய வளாகத்தில், பூட்டிய கதவுக்குள் உறங்குகிறவன். அஞ்சாதே என்று பிறருக்குப் போதிப்பது எனக்கு எளிது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நாட்டின் சட்டம். துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் குடிமகனின் அடிப்படை உரிமையன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அரசு ஆராய்ந்து தரும் அனுமதி. காவல்துறை விசாரிக்கும், உடல்நலம், மனநலம் பற்றி மருத்துவர் சான்று தரவேண்டும், 2016-இல் வந்த விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெறவேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. குடகு மலையில் மட்டும், வெள்ளையர் காலத்திலிருந்து வரும் சலுகையால் குடகர்களுக்கு உரிமம் தேவையில்லை. நம் பெரியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அவரே அலுத்துக்கொண்டார். தேர்தல் மாதத்தில் திருடர்களும் விடுப்பில் போவார்களோ என்னவோ!

இனி, தந்தைக்கும் மகனுக்கும் நடந்த அந்த வாதம். படையினரும் காவலரும் கையாளும் 9 மில்லிமீட்டர் போன்ற குழல் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. ஆகவே கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 அங்குல ரிவால்வர்தான்; வீட்டுக் காவலுக்கு என்றால் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். டில்லியில் 2012-இல் அந்த மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்று பெயரிட்டு, பெண்களின் கைப்பையில் அடங்கும்படி அரைக் கிலோ எடையில் .32 ரிவால்வர் ஒன்றைச் செய்தது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். இரவு வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும் பனியன் கம்பெனிப் பெண் எத்தனை ஆண்டு உழைத்தால் அந்த அச்சமின்மையை விலைக்கு வாங்கலாம் என்று அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு.

.32 சிறியது, அடித்தாலும் ஆள் விழமாட்டான் என்பது பெரியவரின் கட்சி. எளிதில் மறைத்து வைக்கலாம், தலையணைக்கடியில் கிடக்கும் என்பது மகனின் கட்சி. எத்தனை அங்குலக் குண்டு என்று கணக்கிடுவதா கிறிஸ்தவனின் வேலை என்று முதலில் நகைத்தேன். பிறகு நகைக்க இயலவில்லை. ஏனெனில் அறத்தின் முடிச்சு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இவ்வினாவை ஆராய்கிறார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: தன்னுயிரைக் காத்தல் ஒன்று, தாக்கியவன் சாதல் மற்றொன்று. நாடுவது முதலாவதாயின், இரண்டாவது நோக்கத்துக்கு அப்பாற்பட்டு நிகழ்வது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால் அச்செயல் அறம் தவறியதாகிவிடும்; தனி மனிதன் கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்லுதல் ஆகாது. இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் வகுத்ததும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் சொல்வதும் ஏறக்குறைய இதுவே: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்தல் ஆகாது.

தாக்குதல் கண்முன் நடக்கும் கணத்தில் கையில் கிடைத்த தடியால் அடிப்பவனுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னரே, நாற்காலியில் அமர்ந்து, எது வீழ்த்தும், எது வீழ்த்தாது என்று நிதானமாகத் தேர்ந்தெடுப்பவன், சாவு என் நோக்கமன்று என்று சொல்லலாமா? துப்பாக்கி அறிந்தவர்கள் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். கொல்வதன்று, தடுத்து நிறுத்துவதே குறிக்கோள். சிறிய குண்டால் நிற்காதவனை நான்கைந்து முறை சுட நேரும், தக்க அளவுள்ளதாயின் ஒன்றே போதும் என்பார்கள். இது வெறும் சாமர்த்தியப் பேச்சன்று. மிதமானது என்பது சிறியது என்பதோடு எப்போதும் ஒன்றாகாது. எனினும் நடுங்கும் கையும் மங்கிய பார்வையும் உடைய முதியவர், இருட்டில், அரைத் தூக்கத்தில் அளவறிந்து சுடுவார் என்று நம்ப என்னால் முடியவில்லை. அக்குவினாஸ் கேட்ட அந்த அளவை அவர் காக்கவேண்டிய இடம் கடையன்று, நள்ளிரவு.

தொடக்கத் திருச்சபையின் தந்தையர் இன்னும் கண்டிப்பானவர்கள். புனித அம்புரோசு, கள்வனால் தாக்கப்படும் கிறிஸ்தவன் தன் உயிரைக் காக்க அவனைத் திருப்பித் தாக்குவதையும் ஏற்கவில்லை. புனித அகுஸ்தீன், பூப்ளிகோலா என்பவருக்கு எழுதிய மடலில், தான் சாகாதிருக்கப் பிறரைக் கொல்வது தமக்கு உடன்பாடன்று என்கிறார். படைவீரரும் பொதுப்பணியில் உள்ளவரும் பிறரைக் காக்கச் செய்வதை மட்டும் விலக்குகிறார். 1992-இல் வெளியான மறைக்கல்வி ஏடு அக்குவினாஸின் வழியில் நிற்கிறது. பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையுமாகலாம் என்று ஒரு படி மேலே போகிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1995-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதையே எடுத்துரைத்தார். நம் பெரியவரின் சிக்கல் இங்கேதான் கூர்மையடைகிறது. தன் உயிரை ஒருவன் விட்டுக்கொடுக்கலாம். அது மறைசாட்சியரின் வழி. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் உயிரை விட்டுக்கொடுக்க அவனுக்கு யார் உரிமை தந்தது? இந்த வினாவின் முன் என் குருமடப் படிப்பு தலைகுனிந்து நிற்கிறது.

விடுதலைப் பயண நூலில் ஒரு விதி உண்டு. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. கதிரவன் எழுந்தபின் அவ்வாறு நேர்ந்தால் பழி உண்டு. இரவில் வீடு புகுதலைத் தனியே பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் சட்டத்திலும் தொடர்கிறது. இருட்டில் வருபவன் பொருளுக்கு வந்தானா உயிருக்கு வந்தானா என்று தெரியாது, வெளிச்சத்தில் தெரியும். அதாவது, அறியாமை ஓரளவு மன்னிக்கப்படுகிறது. ஆனால் அதே இருட்டு, வந்தவன் திருடனா இல்லையா என்பதையும் மறைத்துவிடுகிறதே?

கெத்சமனித் தோட்டத்தை எண்ணாமல் ஒரு கிறிஸ்தவன் இதைப் பேச இயலாது. அன்றிரவு சீடர்களிடம் வாள் இருந்தது. இரண்டு என்று லூக்கா எண்ணியே சொல்கிறார். பேதுரு வெட்டினார்; தலைமைக் குருவின் பணியாளன் மால்குவின் வலக்காது அறுந்தது. ஆண்டவர் வாளை உறையில் போடச் சொன்னார். காதைத் தொட்டுக் குணமாக்கினார். பேதுரு செய்ததும் பிறரைக் காக்கும் முயற்சிதானே என்று குருமடத்தில் ஒருமுறை கேட்டேன். பேராசிரியர் புன்னகைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். (குருக்கள் ஆயுதம் தரிக்கலாகாது என்று 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதித்தது, அஞ்சத்தக்க நியாயமான காரணம் இருந்தாலொழிய என்று அதிலும் ஒரு சாளரம் வைத்திருந்தார்கள்.)

மறைத்து வைப்பது பற்றி ஒரு சொல். சுவரில் தொங்கும் இரட்டைக்குழல், வருபவனுக்கெல்லாம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அது ஓர் எச்சரிக்கை. இடுப்பிலும் தலையணைக்கடியிலும் ஒளிந்திருக்கும் ரிவால்வர் எவரையும் எச்சரிப்பதில்லை. அது இருப்பதை அறிந்தவர் ஒருவரே. அவரை அது நாள்தோறும் மாற்றிக்கொண்டிருக்கிறது. தேங்காய் பறிக்க வருபவன், பால்காரன், வழி கேட்கும் வட நாட்டுத் தொழிலாளி என ஒவ்வொருவரையும் ஒரு கணம் எதிரியாக வைத்துப் பார்க்கும் கண் அவருக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 2022-இல் உச்ச நீதிமன்றம், பொது இடத்திலும் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி கொண்டு செல்வது குடிமக்களின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதை அதே மூச்சில் சொல்லியாகவேண்டும். திருடனுக்கென்று வாங்கியது வீட்டிலுள்ளவரையே கொண்டுபோகிறது. தனிமையும் கடனும் நோயும் சூழ்ந்த நம் முதியோர் இல்லங்களை அறிந்த எந்தப் பங்குக் குருவும் இதை எண்ணி நடுங்காதிருக்க முடியாது.

சொன்னபடி அடுத்த வாரம் சாளைக்குப் போனேன். திண்ணையில் அமர்ந்து, மேற்சொன்னவற்றில் பாதியை என்னால் இயன்ற எளிய மொழியில் சொன்னேன். பிறகு அவருடைய வினாவுக்கு வந்தேன். உண்மையான தற்காப்பு பாவமன்று. பாவமில்லாததற்கு மன்னிப்பும் தேவையில்லை. அளவு மீறியிருந்தால், மனம் வருந்தினால் மன்னிப்பு உண்டு. ஆனால் மன்னிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு சுட முடியாது. “சுட்டா அது பாவமாயிருமோன்னு உங்களுக்கே தோணுதுங்களே, அதனாலதானே மன்னிப்பைப் பத்திக் கேட்டீங்க” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை.

அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மையார்தான் பேசினார். “போன சித்திரையில நடுச்சாமத்துல ஒரு பையன் வந்து கதவை இடிச்சானுங்க சாமி. அவன் பேசற பாசையே வெளங்கல. இவரு அருவாளை எடுத்துட்டாரு. நான் சன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாத்தா, பையன் கை கூப்பிட்டு அழுகறான். தறிக்குடோன்ல வேலை செய்யற ஒடிசாக்காரப் பையனுங்க. கூட இருந்தவனைப் பாம்பு கடிச்சுப்போட்டுது. இவருதான் வண்டி எடுத்துட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாரு. பொழைச்சுட்டான். அன்னைக்கு அருவாளுக்குப் பதிலா அது இருந்திருந்தா?”

“அதுக்குன்னு பல்லடத்துல நடந்தது இங்க நடந்தா?” என்றார் பெரியவர். குரலில் கோபமில்லை. அந்த அம்மையாரிடம் அதற்கு விடையில்லை, என்னிடமும் இல்லை. நான் எடைபோட்டுப் பார்த்ததில், வேண்டாம் என்ற பக்கமே தாழ்கிறது என்றேன். ரிவால்வர் வேண்டவே வேண்டாம். மற்றதையும் மனைவியின் ஒப்புதலின்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்றேன். முடிவு அவருடையது, அவர் மனச்சான்றின் இடத்தில் நான் அமர முடியாது என்றும் சொன்னேன். அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்கள் நால்வர் சேர்ந்து இரவில் முறைவைத்துக் கைபேசியில் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு பற்றிச் சிறிது நேரம் பேசினோம். அவர்களுள் ஒருவரோடு வரப்புத் தகராறு உண்டாம். எட்டு வருடமாகப் பேச்சில்லையாம். “அவங்கிட்டப் போயி எப்படிங்க கேக்கறது?” என்றார். துப்பாக்கியைப் பற்றிப் பேசியபோது இராத தயக்கம் அப்போது அவர் முகத்தில் தெரிந்தது.

படிவத்தை மறுபடி நான்காய் மடித்து, சுவரில் தொங்கிய மாதா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். கிழிக்கவுமில்லை, நிரப்பவுமில்லை. நான் விடைபெற்றபோது பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது. தோட்டத்துப் பாதையில் விளக்கு கிடையாது. “இருட்டுல தனியாப் போகாதீங்க சாமி, தார் ரோடு வரைக்கும் நான் வர்றேன்” என்று சொல்லி, கதவுக்குப் பின்னாலிருந்த தடியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.