விபத்தும் வினையும்: நட்டஈடு யாருடைய கடன்?

பேருந்துச் சாலையில் வேலை செய்யும் ஒருவர் காயப்படும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்தத் துன்பம் அவருக்கு ஏன் வந்தது என்பது ஒன்று. அதை ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது என்பது மற்றது. முதற் கேள்வி சமயத்துக்கு உரியது. இரண்டாவது அறத்துக்கும் சட்டத்துக்கும் உரியது. நடைமுறையில் இரண்டும் எளிதில் கலந்துவிடுகின்றன. ஜாக்கி சரிந்து கை நசுங்கிய மெக்கானிக்கைப் பார்க்க வருவோர் எல்லாம் விதி என்று சொல்லி ஆற்றுகிறார்கள். ஆறுதலாக நிற்கும்வரை அந்தச் சொல்லில் குற்றமில்லை. காயப்பட்டவர் நட்டஈடு கேட்கக் கூசுவதற்கும், கொடுக்க வேண்டியவர் காலம் கடத்துவதற்கும் அதுவே காரணமாகும்போது, சமயம் சொல்லாத ஒன்று அதன் பெயரால் சொல்லப்படுகிறது.

இலங்கையில் இரண்டாம் கேள்விக்கு விடை தருவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது 1935 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய சட்டங்கள் தோன்றுவதற்கு முன், வேலைகொள்பவரின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிறுவினால்தான் தொழிலாளிக்கு ஏதாவது கிடைக்கும். ஜெர்மனி 1884இலும், பிரித்தானியா 1897இலும், இந்தியா 1923இலும் அந்த வழியை விட்டு விலகின. புதிய சட்டங்களின் அடிப்படை எளியது: காயம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததா என்பதே கேள்வி. யார் தவறு என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. தொழிலாளி சற்று அசட்டையாக இருந்தது மட்டும் அவருடைய உரிமையைப் பறிக்காது. குடிபோதையும், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவதும் பறிக்கலாம். ஆனால் மரணம் நேர்ந்திருந்தால் அந்த விலக்கும் பொருந்தாது. குடும்பத்துக்குரிய தொகை குடும்பத்துக்கே சேரும்.

1958 ஜனவரி 1 அன்று இலங்கையின் பேருந்துச் சேவை அரசுடைமையானபோது, பல தனியார் கம்பனிகளின் சாரதிகளும் நடத்துனர்களும் ஒரே பொதுச் சபையின் ஊழியர்களாயினர். இன்று அப்பணி 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கான அதன் சாலை கோண்டாவிலில் உள்ளது. இத்தொழிலில் ஆபத்து பல வடிவங்களில் வருகிறது. வீதி விபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மிதிபலகையில் நின்று சீட்டுக் கொடுக்கும் நடத்துனர் சறுக்கி விழுவதும், பட்டறையில் விரல் போவதும் அந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அதிரும் ஆசனத்தில் இருந்த சாரதியின் முதுகு நோவுக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை, சாட்சியும் இல்லை. வேலையால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரித்தறிய அரிதான இத்தகைய நோவுகளில்தான் விதி என்ற சொல் விரைவாக நுழைகிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. முன்பே ஈட்டிக் குவிந்திருப்பது சஞ்சிதம். இப்பிறவியில் நுகர வந்திருப்பது பிராரத்தம். நுகரும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம். வினை சடப்பொருள், தானாகச் சென்று செய்தவனைப் பற்றும் அறிவு அதற்கு இல்லை. ஆகவே பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதமும், அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரும் நிறுவும் கொள்கை. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. கூட்டுவிப்பது இறைவனின் செயல் என்றால், இன்னாருக்கு இன்ன துன்பம் தகும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மனிதருக்கு இல்லை. சாலை முகாமையாளருக்கும் இல்லை. அடுத்தது இன்னும் முக்கியமானது. கை நசுங்கியது ஒருவரின் பிராரத்தமாகவே இருக்கட்டும். அதைக் கண்ட மற்றவர் என்ன செய்கிறார் என்பது அந்த மற்றவரின் ஆகாமியம். கொடுக்க வேண்டியதைக் கொடாதவர் பிறரின் பழவினையைக் காட்டித் தம் புதுவினையிலிருந்து தப்ப முடியாது.

பௌத்தம் வேறொரு வழியில் இதே இடத்துக்கு அருகே வருகிறது. சங்யுத்த நிகாயத்தில், எல்லா வேதனையும் முன்வினையால்தானா என்று சீவகன் என்னும் துறவி கேட்கிறான். புத்தர் அதை மறுக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைச் சீராகப் பேணாமை, வெளித் தாக்கம் ஆகியவற்றைக் காரணங்களாக எண்ணி, வினையின் விளைவை எட்டாவதாக வைக்கிறார். காரணங்கள் பல என்றால் அவற்றைத் தேடிப் பார்ப்பது கடமையாகிறது. தேய்ந்த பிரேக்கும் உடைந்த மிதிபலகையும் கண்ணுக்கு எட்டும் காரணங்கள். அவற்றைப் பாராமல் முற்பிறவிக்குத் தாவ இக்கொள்கை இடங்கொடாது.

விபத்துக்கு ஈடு என்ன என்பதைத் தமிழ் மரபும் இலங்கை மரபும் வாகனம் ஒன்றை வைத்தே ஆராய்ந்திருக்கின்றன. பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் திருவாரூர் இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று தானே துள்ளி வந்து அகப்பட்டு இறக்கிறது. அமைச்சர்கள் மறையோர் விதித்த கழுவாயைச் செய்தால் போதும் என்கிறார்கள். அது தாய்ப்பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று கேட்டு மனுநீதிச் சோழன் மறுக்கிறான். குடிமக்களுக்கும் பிற உயிர்களுக்கும் தன்னால் வரும் தீங்கை மட்டுமல்ல, தன் பரிசனத்தால் வரும் தீங்கையும் காப்பது அரசன் கடன் என்கிறான். பின்பு மகனையே தேர்க்காலில் இடுகிறான். இறந்தவர்கள் மீண்டது இறைவன் அருளால், தண்டனையால் அல்ல.

கன்றின் கதையை மகாவம்சம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அதோடு இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்க்கிறது. எல்லாளனின் வாகன நுகம் தவறுதலாக ஒரு தூபியில் மோதிக் கற்கள் பெயர்ந்தன. அவன் வீதியில் விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்கும்படி வேண்டினான். பிறரைத் துன்புறுத்துவதைப் புத்தர் ஏற்பதில்லை, தூபியைச் செப்பனிடுவதே வழி என்று அமைச்சர்கள் கூறினர். பெயர்ந்த 15 கற்களுக்காக அரசன் 15,000 கஹாபணம் செலவிட்டான்.

இக்கதைகளில் மூன்று விடைகள் இருக்கின்றன. கழுவாய் செய்தவனைத் தூய்மையாக்கும். இழந்தவருக்கு எதுவும் தராது. சமமான தண்டனை நீதியின் கடுமையைக் காட்டும். அதுவும் இழப்பை மீட்காது. செப்பனிடுதல் மட்டுமே இழந்தவரின் பக்கம் பார்க்கிறது. எல்லாளனுக்குத் தூபியை இடிக்கும் எண்ணம் இல்லை என்பது தெளிவு. ஆனாலும் செலவு அவனுடையது. குற்றம் இல்லாத இடத்திலும் கடன் உண்டு என்ற இந்த நிலைதான் நட்டஈட்டுச் சட்டத்தின் அறநெறி. பேருந்தால் ஊர் முழுவதும் பயன் பெறுகிறது. அந்தப் பயனுக்காக ஒருவர் உடல் சிதையும்போது, இழப்பை அவர் தனியே சுமப்பது நீதியாகாது.

துன்பத்தை ஏற்றுக்கொள்ளும் மனநிலைக்கு இதனால் இடமில்லாமல் போவதில்லை. கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872–1964), தம் குரு நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளிடம் பெற்ற உபதேசத்தை ஊருக்கு வழங்கினார். எல்லாம் என்றோ நிறைவேறிவிட்டன, தீமை என்று ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். அவர் துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக்குக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் சூழலில் 1935இல் தொடங்கிய சிவதொண்டன் இதழின் பெயரே பணியை முன்வைக்கிறது. 1961இல் இடுப்பெலும்பு முறிந்தபோது அவரும் சிகிச்சை பெற்றார். தன் துன்பத்தை அமைதியோடு ஏற்பது ஒருவர் தாமே மேற்கொள்ளும் சாதனை. பிறர் தம் துன்பத்தை அமைதியோடு ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சாதனை ஆகாது. அது கடமை தவறல்.

இந்த வேறுபாடு நட்டஈட்டு அலுவலின் ஒவ்வொரு படியிலும் பொருள் பெறுகிறது. விபத்தை அன்றே பதிவுசெய்வது உண்மைக்குச் செய்யும் பணி. காலம் செல்லச் செல்லச் சாட்சி மங்கும். மருத்துவர் அளிக்கும் இயலாமை வீதம் உழைக்கும் ஆற்றலில் ஏற்பட்ட குறைவை அளக்கிறது. மனிதரின் மதிப்பை அளப்பதில்லை. மரணத்துக்குரிய பணம் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிடப்பட்டுத் தங்கிவாழ்வோருக்குப் பகிரப்படுவது, துயரில் இருக்கும் குடும்பத்தில் வலியவர் மெலியவரின் பங்கை எடுத்துவிடாமல் காக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. விடியுமுன் முதற் பேருந்தை எடுக்கப் புறப்படும் சாரதிக்கு இது வெறும் சலுகை அல்ல. வேலை வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது என்ற உண்மையின் ஏற்பு.

கடன் இரு பக்கமும் உண்டு. இல்லாத காயத்தைக் காட்டுபவர் உண்மையாகக் காயப்பட்ட அடுத்தவரின் நம்பகத்தைக் குறைக்கிறார். ஆகவே விசாரணை தேவை. ஆனால் விசாரணை சந்தேகத்திலிருந்து தொடங்கக் கூடாது. வேலையோடு காயத்துக்குள்ள தொடர்பைத் தேடுவதோடு அது நிற்க வேண்டும். ஒருவருக்கு ஏன் அந்தத் துன்பம் வந்தது என்ற விசாரணை இறைவனுக்கு உரியது. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் அலுவலருக்கு உரியது, கொடுக்க வேண்டியதைக் குறையாமலும் காலந் தாழ்த்தாமலும் கொடுப்பது.