ஓதியதை மீண்டும் ஓதுவோம்

(சுரண்டையில் ஆற்றிய அறவுரை)



அருகப் பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி இச்சிற்றுரையைத் தொடங்குகின்றேன்.

மேற்கு மலையில் மேகம் கவிந்துவிட்டால், குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று இவ்வூரார் அறிந்துகொள்வர். அருவியின்கீழ் நிற்பவனுக்கு அந்நேரத்தில் கவலை ஏதும் தோன்றுவதில்லை. ஆனால் தலை உலர்வதற்குள் கடனும் வட்டியும் மீண்டும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அதே நீர் சிற்றாறாகப் பெருகி, கால்வாய்களின் வழியே குளங்களில் தேங்குகின்றது. தேங்கிய நீரே வயலுக்குச் சென்று நெல்லாகின்றது. நூல்களைப் படிப்பதிலும் இவ்விரு வகை உண்டு. அதுபற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இவ்வூரில் காய்கறிக் கமிஷன் கடை நடத்தும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னை இல்லத்திற்கு அழைத்திருந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அறவோர் எவரையும் மதிப்பவர். அவருடைய இசைவைப் பெற்றே இதனை இங்குக் கூறுகின்றேன். அவர் வீட்டு அலமாரியில் முன்னேற்ற நூல்கள் வரிசையாக இருந்தன. வெற்றிக்கு வழி, கவலையை விரட்டும் வழி, செல்வம் சேர்க்கும் வழி என ஒவ்வொன்றும் ஒரு வழியைக் கூறியது. “ஐயா, மாதம் ஒரு நூல் வாங்குகின்றேன். படிக்கும்போது தெம்பாக இருக்கின்றது. மூன்றாம் நாள் மீண்டும் உறக்கம் போய்விடுகின்றது. இன்னும் நல்லதாகப் புதிய நூல் ஏதேனும் சொல்லுங்கள்” என்றார்.

விலை வீழ்ச்சியால் நேர்ந்த நட்டம் ஒருபுறம். அந்நட்டத்திற்குக் காரணம் யார் என்ற சண்டையில் உடன்பிறந்த தம்பியோடு இரண்டாண்டுகளாகப் பேச்சில்லை. இவையே அவர் உறக்கத்தைக் கெடுத்தவை.

அன்பர்களே! இந்த மனநிலைக்கு நம் ஆகமங்கள் ஆர்த்த தியானம் என்று பெயரிட்டுள்ளன. விரும்பாதது வந்து சேர்ந்ததை எண்ணி வருந்துதல், விரும்பியது பிரிந்ததை எண்ணி ஏங்குதல், நோயின் வேதனையையே நினைந்திருத்தல், இனி வரவேண்டிய இன்பத்திற்காகத் தவித்தல் என அது நான்கு வகைப்படும். மனம் ஒன்றிலேயே நிலைத்து நிற்பதால் அதுவும் தியானமே. ஆனால் வினையைச் சேர்க்கும் தியானம். கவலைப்படுகிறவன் ஒரே நினைவைப் பன்முறை ஓதிக்கொண்டிருக்கின்றான். அதனை ஒருமுறை படித்த நூலால் எவ்வாறு வெல்ல இயலும்? பன்முறை ஓதியதைப் பன்முறை ஓதித்தான் மாற்றவேண்டும்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அகத்தவம் ஆறனுள் நான்காவதாகச் சுவாத்தியாயம் கூறப்பட்டுள்ளது. அது ஐவகைப்படும்: படித்தல், ஐயம் நீங்க வினவுதல், பொருளைச் சிந்தித்தல், மீண்டும் மீண்டும் ஓதுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல். இவற்றுள் மீண்டும் ஓதுதலுக்கு ஆம்நாயம் என்று பெயர். படிப்பு ஒரு தவம். படித்ததையே திரும்பப் படிப்பது அத்தவத்தின் தனி உறுப்பு. மறதிக்கு மருந்தாக மட்டும் நம் முன்னோர் இதனை வைக்கவில்லை. நூல் அதுவேயாயினும் படிப்பவன் அவனே அல்லன் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை நோக்குங்கள். இளமையில் படிப்பவனுக்கு அது மணநூல். சீவகனின் வீரமும் திருமணங்களுமே கண்ணில் படும். ஐம்பது வயதில் படிப்பவன் இறுதியிலுள்ள முத்தி இலம்பகத்தில் வந்து நிற்பான். ஆண் குரங்கு தன் துணைக்குப் பலாச்சுளை கொடுக்கின்றது. தோட்டக்காரன் குரங்குகளை விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் கைக்கொள்கின்றான். அதனைக் கண்ட சீவகன், கட்டியங்காரனிடமிருந்து தான் பெற்ற அரசும் இத்தகையதே என உணர்ந்து துறவு பூணுகின்றான். இப்பகுதி முன்பும் அந்நூலில் இருந்ததுதான். நட்டமும் பிரிவும் பட்ட பின்னரே நமக்கு அது புலனாகின்றது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908இல் அரச நிந்தனை வழக்கில் கொடுந்தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். அவ்விருண்ட காலத்தில் அவருக்குத் துணையானவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் சிறுநூல். அதனை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார்; 1909இல் அது வெளிவந்தது. 1912 இறுதியில் விடுதலை பெற்றபோது கப்பல் கம்பெனி இல்லை. கையில் பொருளும் இல்லை. ஆயினும் அவர் அந்த ஆசிரியரைக் கைவிடவில்லை. 1914இல் ‘அகமே புறம்’, 1916இல் ‘வலிமைக்கு மார்க்கம்’, 1934இல் ‘சாந்திக்கு மார்க்கம்’ என மீண்டும் மீண்டும் அவரிடமே சென்றார். இடையே 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். சிறைக்குள் பிடித்த நூலின் கையை இருபத்தைந்து ஆண்டுகள் விடாதிருந்தார்!

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எண்ணமே வாழ்வை ஆக்குகின்றது என்னும் கருத்தைத் தவறாகக் கொள்வோர் உளர். துன்புறும் ஒருவனைப் பார்த்து, “உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் இந்நிலை” என்று சொல்ல அதனைப் பயன்படுத்தலாகாது. சிதம்பரனார் செக்கிழுத்தது அவர் எண்ணத்தின் குற்றமா? அது அடக்குமுறையின் குற்றம். துன்பத்திற்குப் புறக்காரணங்கள் பல. வினைப்பயனும் உதயத்திற்கு வரும். வந்துவிட்டதை எண்ணத்தால் இல்லையென்று ஆக்க முடியாது. ஆனால் வந்ததை எத்தகைய உள்ளத்தோடு ஏற்கிறோம் என்பது நம் கையில் உள்ளது. அந்த உள்ளமே புதுவினையைத் தடுக்கும் சம்வரத்திற்கும், பழவினையை உதிர்க்கும் நிர்ஜரைக்கும் வாயில். நூல் செய்யக்கூடிய உதவி அதுவே. உறக்கமும் உணவும் பல நாள் அற்றுப்போன நிலையில் மருத்துவரையும் நாடவேண்டும். அது நம்பிக்கைக் குறைவன்று.

இனி அந்த அன்பரிடம் வருவோம். “அண்ணாச்சி, புதிய நூல் வேண்டா. உங்கள் தந்தையார் படித்த நூல் ஏதேனும் வீட்டில் உண்டா?” என்று வினவினேன். பரணிலிருந்து ஒரு பழைய நாலடியாரை எடுத்துவந்தார். சமண முனிவர்கள் அருளிய நானூறு பாடல்கள். அதிகாரத்திற்குப் பத்தாக நாற்பது அதிகாரங்கள். செல்வம் நிலையாமையில் தொடங்குகின்றது. சினமின்மை, பொறையுடைமை என ஏழாம் எட்டாம் அதிகாரங்கள் அமைந்துள்ளன. “நாளொன்றுக்கு ஒரு பாட்டு. காலையில் படியுங்கள், கடையில் அசைபோடுங்கள், இரவில் அதையே மீண்டும் படியுங்கள். பத்து நாளில் ஓர் அதிகாரம் முடியும். முடிந்ததும் அடுத்ததற்குச் செல்லாமல் அதையே இன்னொரு முறை ஓதுங்கள்” என்றேன்.

சென்ற மாதம் அவரைக் கண்டேன். பொறையுடைமையை மூன்றாம் முறை ஓதிவருகையில், ஒரு நாள் மாலை தம்பியின் வீட்டு வாயிலில் போய் நின்றிருக்கின்றார். என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். தம்பி, “உள்ளே வாங்க அண்ணே” என்று மட்டும் கூறி, மோர் கொண்டுவந்து கொடுத்தாராம். “கடன் அப்படியேதான் இருக்கின்றது ஐயா. ஆனால் உறங்குகின்றேன்” என்றார்.

பெருமக்களே! மறுபடிப்பின் உரைகல் இதுவே. எத்தனை முறை படித்தோம் என்பதன்று கணக்கு. வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு கடும்பற்றுகளுள் ஒன்றேனும் ஓர் இழை தளர்ந்ததா என்று பாருங்கள். தளரவில்லையெனில் நூலை மாற்றாதீர்கள்; இன்னொருமுறை ஓதுங்கள். நாலடியார், அறநெறிச்சாரம், திருக்குறள், சிந்தாமணி என நம் இல்லங்களில் தூசு படிந்து கிடக்கும் ஏடுகளுள் ஒன்றை இன்றிரவே எடுங்கள். உங்கள் பாட்டனார் விரல் பட்டு மங்கிய பக்கம் எதுவோ, அங்கிருந்தே தொடங்குங்கள். அவருக்கும் ஒரு துன்பக்காலம் இருந்திருக்கும்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!