வாடகையை யார் வாங்குவது?

மம்சாபுரத்தில் பிறந்து சென்னையில் வாழும் ஒரு பெண்ணுக்கு, பாகப்பிரிவினையில் நான்கு லைன் வீடுகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வந்து வாடகை வாங்க அவளால் முடியாது. மோட்டார் பழுதானால் ஓடிவரவும் முடியாது. சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைக்கலாமா என்று யோசிக்கிறாள். வீட்டிலிருந்து உடனே பதில் வரும்: “அண்ணன் இருக்கையில வெளியாள் எதுக்கு? ஒரு பவர் எழுதிக் குடுத்திரு.”

இதில் அன்பும் இருக்கலாம். ஆனால் அன்பு மட்டுமே இல்லை. தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இன் மத்திய அரசுத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடும் போனது. பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறியது. வரவுசெலவு நோட்டு மட்டும் பல வீடுகளில் ஆண்களிடமே தங்கிவிட்டது. அண்ணனிடம் கணக்குக் கேட்டால் உறவு முறிகிறது. சம்பளம் வாங்குபவரிடம் கணக்குக் கேட்பது இயல்பான காரியம். சரியில்லை என்றால் மாற்றவும் முடியும். இந்த அளவில், கூலி கொடுத்து ஆள் வைப்பது பெண்ணின் உரிமையைக் காக்கிறது.

ஆனால் கதவுக்கு மறுபக்கமும் ஒரு பெண் நிற்கிறாள். ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவள், கணவனைப் பிரிந்தவள், குழந்தையோடு வீடு தேடுகிறவள். “வீட்டுக்காரர் எங்கே? நீங்க என்ன ஆளுங்க?” என்று மேலாளர் கேட்டுவிட்டு, வீடு இல்லை என்று அனுப்பிவிடலாம். சென்னையில் இருப்பவளுக்கு அது தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பது வசதியும்கூட. நாம் கேட்கக் கூசும் கேள்வியைக் கேட்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் தருகிறோமா?

லண்டனில் 1865 வாக்கில், ஜான் ரஸ்கின் பணம் போட்டு வாங்கிய ஏழைகளின் குடியிருப்புகளை ஆக்டேவியா ஹில் நிர்வகிக்கத் தொடங்கினார். வாராவாரம் வாடகை வாங்கப் பெண்களையே பழக்கி அனுப்பினார். வீடுவீடாகப் போனதால் ஒழுகும் கூரை அவர்கள் கண்ணில் பட்டது, பழுதும் பார்க்கப்பட்டது. அவர் கண்டிப்பானவர், பாக்கி வைத்தவர்களை வெளியேற்றவும் செய்தார். அந்தக் கண்டிப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. வாடகை வாங்கப் போகிறவர் வீட்டையும் பார்க்க வேண்டும் என்ற அவருடைய வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மேலாளரை வைக்கும் உரிமையாளர் அவர் யார், எதற்கு அதிகாரம் பெற்றவர் என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த ‘எதற்கு’ என்பதை எழுதும்போதுதான் நம் முடிவு தெரியவரும். வசூல், பழுது, வரி கட்டுவது ஆகியவற்றை அவரிடம் விடலாம். யாருக்கு வீடு, என்ன வாடகை, யாரைக் காலி செய்யச் சொல்வது என்பதை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பவளிடம் மேலாளரின் எண்ணோடு நம் எண்ணும் இருக்கட்டும். அவள் அழைத்தால், “அவர்தான் பாத்துக்கிறார்” என்று சொல்லாமல் கேட்கும் பொறுமையும் நமக்கு வேண்டும்.