கண்ணில் படாத வேலைக்குக் கூலி



நாம் கல்லாப்பெட்டிக்கு உட்புறம் அமர்ந்து பழகியவர்கள். வெளிப்புறம் நின்று காசு கொடுப்பவன் மனம் என்ன பாடுபடும் என்பதை அறியும் சந்தர்ப்பம் நமக்குக் குறைவு. அத்தகைய சந்தர்ப்பம் ஒன்று நமக்கு ஒரு சைக்கிள் கடையில் கிடைத்தது. விஷயம் மிகச் சிறியது. ஆயினும் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அதன் நியாயத்தை நம்மால் முழுமையாகத் தீர்த்துக்கொள்ள இயலவில்லை. ஆகவே சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறோம்.

1960களில் நாம் துணி மூட்டை கட்டித் தோட்டந்தோட்டமாகச் சென்று தவணைக்கு விற்று வந்தோம். பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985ல்தான். அதற்கு முன் ஜார்ஜ் டவுனிலிருந்து கரைக்குப் போக ஃபெர்ரியே கதி. பட்டர்வொர்த்தில் இறங்கி, தெற்கே நிபோங் திபால் சென்று, அங்கே தெரிந்தவர் வீட்டில் நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பைராம் தோட்டத்துக்கு மிதிப்போம். சம்பளம் போட்ட மறுநாள் போய் நின்றால்தான் தவணைப் பணம் வரும். ஒரு நாள் தாமதித்தாலும் அது வேறு கைகளுக்குப் போய்விடும் என்பது இவ்வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு மறுநாளில், பாதி வழியில் முன்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் வழியிலிருந்த ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். “டியூப் போச்சு பாய், மாற்றத்தான் வேண்டும்” என்றார். நமக்கோ அவசரம். மாற்றச் சொன்னோம், கேட்ட காசைக் கொடுத்தோம். பழைய டியூபையும் மறவாமல் வாங்கிக்கொண்டோம். கேரியரில் மூட்டையை இறுக்கிக் கட்டக் கிழிந்த டியூபைப் போல் உகந்த கயிறு உலகில் வேறில்லை.

திரும்பி வந்து அதை வார்வாராக அறுக்கப் போகையில், அந்த வீட்டுச் சிறுவன் விளையாட்டாகக் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினான். டியூபைச் சுற்றிச் சுற்றித் திருப்பியும் எங்கும் ஒரு குமிழி எழவில்லை. வால்வு வாயில் மட்டும் மணிமணியாய் எழுந்தது. வால்வின் மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர்க்குழாய் வெந்து வெடித்திருந்தது. அவ்வளவே கோளாறு. வெள்ளிக் கணக்கில் நாம் கொடுத்தது, காசுக் கணக்கில் தீரக்கூடிய வேலைக்கு!

அக்கடைக்காரர் எந்த இனத்தவர் என்று கேட்கும் வாசகர் இருப்பார். சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் “அதுதானே பார்த்தேன்” என்று அங்கேயே நின்றுவிடுவார், மேற்கொண்டு படிக்க மாட்டார்.

அடுத்த மாதம் அவ்வழியே போகும்போது, கோபத்தை அடக்கிக்கொண்டு அவரிடமே கேட்டோம். அவர் மறுக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. “வால்வு ரப்பரை மாட்டிவிட்டுப் பத்துக் காசு கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? ‘காற்றடித்ததற்கா பத்துக் காசு’ என்பீர்கள். போன தடவை கோட்டம் எடுத்ததற்குக் கூலி கேட்டபோது பாதியாகக் குறைத்தீர்களே! டியூபுக்கு மட்டும் மறுபேச்சின்றிக் கொடுத்தீர்கள்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. நாம் குறைத்திருந்தோம். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, ஒவ்வொரு கம்பியாக முறுக்கியும் தளர்த்தியும் ரிம்மின் கோணலை எடுப்பது எளிதான வேலையல்ல. அரைமணி நேரம் அவர் குனிந்தே இருந்தார். புதிய பொருள் ஒன்றும் மாட்டாமல், இருந்த கம்பிகளைத் திருகியதற்கு இவ்வளவா என்றுதான் நமக்குத் தோன்றிற்று. கையில் எடுத்துக் காட்டக்கூடிய சரக்குக்குக் காசு கொடுப்போம். ஒருவன் பழகிய பழக்கத்துக்கும் அறிந்த அறிவுக்கும் கொடுக்க மனம் வராது. கூலியைக் கூலியென்று கேட்டால் கிடைக்காது என்று கண்ட தொழிலாளி, அதைச் சரக்கின் விலைக்குள் ஒளித்துவைத்து வாங்கக் கற்றுக்கொள்கிறான். ஒளித்தவன் அவன்தான், ஆனால் ஒளிக்க இடம் தேட வைத்தவர்கள் யார்?

இத்தொழிலின் அமைப்பும் அப்படிப்பட்டது. 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராயிருந்த டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்கு முன் கெட்டி ரப்பர்ச் சக்கரம். உடம்பெல்லாம் குலுங்கும், ஆனால் தேய்ந்தால் உடையவனுக்கே தெரியும். டன்லப் செய்த உபகாரத்தால் உடம்பு பிழைத்தது. கோளாறோ டயருக்குள் போய் மறைந்தது. அன்று முதல் சைக்கிள் வைத்திருப்பவன், தன் சக்கரத்துக்குள் என்ன நேர்ந்தது என்பதைப் பிறர் வாய்ச்சொல்லால் அறிய வேண்டியவனானான். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படை சைக்கிளில் விரைந்து தெற்கே இறங்கியது. அப்படைப் பிரிவுகளில் பழுது பார்க்கும் ஆட்களும் கூடவே வந்தார்கள்; யார் சொல்லையும் நம்ப வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. விடிகாலையில் ரொட்டிப் பெட்டி கட்டிப் புறப்படும் நம் ரொட்டிக்காரருக்கும், பால்வாளி தொங்கவிட்டு நிரைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிக்கும் அந்த வசதி ஏது?

சரி, கடைக்காரர் தமக்கு நியாயமாய்ச் சேர வேண்டிய கூலியைத்தானே வேறு பெயரில் எடுத்தார், இதில் என்ன கேடு என்று ஒருவர் வாதிக்கலாம். நாமும் சில காலம் அப்படியே சமாதானம் செய்துகொண்டோம். பின்னர் பைராம் தோட்டத்தில் நம் வாடிக்கைக்காரர் ஒருவர், அதே கடையில் ஒரே ஆண்டில் மூன்று டியூப் மாற்றியதாகச் சொன்னார். அவருக்கு வால்வு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அப்போதுதான் நமக்கு உறைத்தது. பொருளுக்குள் ஒளித்து வாங்கும் கூலி, செய்த வேலையின் அளவுக்கு ஏறி இறங்குவதில்லை. எதிரே நிற்பவனின் அறியாமை அளவுக்கு ஏறுகிறது. தெரிந்தவன் பத்துக் காசில் தப்புவான். தெரியாதவன் வெள்ளியாய்க் கொடுப்பான். தெரியாதவன் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பான். மலாயாவின் ரப்பர்ப் பாலை வெட்டி எடுத்தவனே அந்த ரப்பரில் செய்த டியூபுக்கு மும்முறை விலை கொடுத்த கொடுமையை என்னென்பது!

நம் முன்னோர் இதைச் சிந்திக்காமல் விடவில்லை. மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கலாகாதா என்று நபி பெருமானார் (ஸல்) கேட்ட செய்தியை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அது சரக்கு விற்பவருக்கு. பழுது பார்ப்பவருக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று உண்டு. 1111ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தம் இஹ்யாவில் சம்பாத்தியம் பற்றிய பகுதியில், இமாம் அஹ்மத் இப்னு ஹம்பலிடம் வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறார். கிழிசல் தெரியாதபடி துணியை இழையோட்டித் தைப்பது கூடுமா என்பது கேள்வி. விற்பவர் அதை மறைக்கக் கூடாது. உடையவர் அதை வெளிப்படுத்துவார், அல்லது அது விற்பதற்கானதன்று என்று தெரிந்தால் மட்டுமே தைப்பவருக்கும் ஆகும் என்பது விடையின் கருத்து. வேலை எவ்வளவு நேர்த்தியாயிருக்கிறதோ அவ்வளவுக்குச் சொல்லும் கடமையும் கூடுகிறது என்று நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

துணி வியாபாரிகளாகிய நமக்கு இது சுருக்கென்று தைக்கவில்லையா? மடிப்பில் வெளுத்த கைலியை மடிப்பை மாற்றிப் போட்டு விற்றதில்லையா? “கேட்டால் சொல்வோம், கேளாததற்கு நாம் என்ன செய்வது” என்று நாமே பேசியதில்லையா? கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். வால்வு இருப்பதே அறியாதவர் வால்வைப் பற்றி எப்படிக் கேட்பார்?

இந்தப் பினாங்கிலேயே, தாமும் ஒரு வணிகராயிருந்துகொண்டு, கல்லாவின் வெளிப்புறம் நிற்பவன் பக்கம் போய் நின்ற தமிழ் முஸ்லிம் ஒருவரை நாம் கண்டிருக்கிறோம். எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள், 1969ல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 2019 மே மாதம் மறையும் வரை தலைமை தாங்கி நடத்தினார். சிறிய மனிதர்களின் சிறிய புகார்களை அச்சங்கம் காது கொடுத்துக் கேட்டது. வியாபாரிகளில் சிலருக்கு அது அப்போது கசந்ததையும் மறைப்பதற்கில்லை. நமக்கும் சற்றுக் கசந்ததுண்டு. பின்னர் 1999ல் வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருளுக்கு மட்டுமன்றிச் செய்யும் வேலைக்கும் தக்க கவனமும் திறமையும் வேண்டும் என்று விதித்தது. வழக்கறிஞர் இன்றியே முறையிட ஒரு மன்றமும் ஏற்பட்டது. நல்லதே. ஆனால் டியூப் விலைக்காகத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை இழந்து மன்றம் ஏறுபவர் எத்தனை பேர்?

அக்கடைக்காரரிடம் நாம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். டியூபைக் கழற்றினால் நம் கண் முன் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியைக் காட்ட வேண்டும். சாமான் விலை வேறு, கூலி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கூலியில் நாம் பேரம் பேசக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சில மாதம் கழித்து மறுபடி காற்று இறங்கியது. அவர் தொட்டியில் அமிழ்த்திக் காட்டினார். வால்வு வாயில்தான் குமிழி. ரப்பரை மாற்றி, காற்றடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, “ரப்பர் ஐந்து காசு, கூலி பதினைந்து காசு” என்றார். பதினைந்தா என்ற சொல் நம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவர் நம் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.