பழைய வண்டியும் புதிய கடனும்

பொருள்களைப் பற்றிய கேள்விகள் பலவும் முதலில் கணக்குக் கேள்விகளாகவே நம்முன் வந்து நிற்கின்றன. எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் உழைக்கும், விற்றால் என்ன தேறும் என்று கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் கணக்கைப் போட்டு முடித்த பின்னரும் சில வேளைகளில் மனம் அமைதி கொள்வதில்லை. அந்தக் கேள்விக்குள் அறம் சார்ந்த வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இயந்திரம் கெட்டுப்போன பழைய கார் ஒன்றைப் பழுது பார்ப்பதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா என்பது அத்தகைய கேள்வி.

காரைக்கால் பகுதியில் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடியை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடலும் மற்றைத் திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ, புதுவையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் சிறு நிலப்பரப்பு காரைக்கால். இத்தகைய பகுதியில் ஒரு குடும்பத்தின் கார் என்பது உலாப் போகும் வாகனம் மட்டுமன்று. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடுவது அது. சபராளியை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போவதும், நிக்காஹுக்கும் மையித்துக்கும் உறவினரைச் சுமந்து செல்வதும் அதுவே.

அங்கே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வெளிநாட்டில் வியர்வை சிந்திய தகப்பனார் ஊர் திரும்பியதும் வாங்கிய அம்பாசிடர் ஒன்று அவ்வீட்டில் நிற்கிறது. அவர் இப்போது இல்லை. வண்டி ஆயில் குடிக்கிறது, நீலப்புகை கக்குகிறது, மேட்டில் ஏற மறுக்கிறது. ‘இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்’ என்கிறார் மெக்கானிக். வளைகுடாவில் இருக்கும் மூத்த மகன், ‘அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புது வண்டிக்குப் பதிவு செய்யுங்கள், மீதிக்கு வங்கிக் கடன் இருக்கிறது’ என்கிறான். ஊரில் இருக்கும் இளையவன், ‘செலவு செய்தால் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும்’ என்கிறான். தாயாரோ, ‘உங்க வாப்பா வாங்குன வண்டி, தம்பி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மூவர் பேச்சிலும் உண்மை உண்டு. எதுவும் முழு உண்மையன்று.

முதலில், நோயறியாமல் மருந்து பேசுவது முறையன்று. நீலப்புகை என்பது எண்ணெய் எரிவதன் அடையாளம். ஆனால் எங்கே எரிகிறது? வண்டியைக் கிளப்பும்போது மட்டும் சிறிது புகைந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டின் சீல்கள் தேய்ந்திருக்கலாம். அது சிறு செலவு. வேகம் கூட்டும் போதெல்லாம் விடாது புகைந்தால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் ஐயுற வேண்டும், அது பெருஞ்செலவு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தினால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரிந்துவிடும். குறைந்த அழுத்தம் காட்டும் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குற்றம் வளையத்தில். உயராவிட்டால் பெரும்பாலும் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ. ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமலே, ‘வண்டி முடிந்துவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்கிறவர் எத்தனை பேர்! பொருளைப் பற்றியாயினும் மனிதரைப் பற்றியாயினும், விசாரணைக்கு முன் தீர்ப்பு வழங்குவது அநீதியே.

அடுத்தது கணக்கு. இதிலும் ஒரு பிழை வழக்கமாக நிகழ்கிறது. ‘நாற்பதாயிரத்துக்குக்கூடப் போகாத வண்டிக்கு அறுபதாயிரம் செலவு செய்வதா?’ என்று கேட்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது விற்க நினைப்பவனுக்குப் பொருந்தும். ஓட்ட நினைப்பவனுக்குப் பொருந்தாது. ஓட்டுகிறவன் ஒப்பிட வேண்டியது ஆண்டுச் செலவை. அறுபதாயிரம் செலவில் ஐந்து ஆண்டு ஓடுமானால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். ஆறு லட்சத்துக்கு வாங்கிய புது வண்டி ஐந்து ஆண்டில் பாதி விலையை இழக்குமானால் ஆண்டுக்கு அறுபதாயிரம், வட்டி தனி. இவை எடுத்துக்காட்டுக்காக இட்ட எண்களே; அவரவர் தத்தம் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘போன ஆண்டுதான் கிளட்ச் மாற்றினோம், அதற்கு முந்தைய ஆண்டு ரேடியேட்டர், இவ்வளவு போட்ட பிறகு விடுவதா?’ என்பதும் தவறான வாதம். போன பணம் போனதே. இனிப் போகும் பணம் என்ன தரும் என்பது ஒன்றே கேள்வி.

வயதைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. நம் நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தலைநகரான டெல்லியிலோ 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாதென 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1990 முதல், கார் வைத்திருக்கும் உரிமையே பத்தாண்டுகளுக்குத்தான் விற்கப்படுகிறது. அது முடிந்ததும் மீண்டும் பணம் கட்டாவிட்டால் நல்ல வண்டியும் சாலையை விட்டு நீங்க வேண்டியதே. பக்கத்து இலங்கையிலோ 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகள் பொன்னாக மதிக்கப்பட்டன. எனவே, ‘பழையது’ என்பது இரும்பில் மட்டும் எழுதப்பட்ட சொல்லன்று. ஊரும் சட்டமும் சந்தையும் சேர்ந்து எழுதும் சொல். இரும்பு என்ன சொல்கிறது என்று தனியே கேட்டறிய வேண்டும்.

அந்த இரும்பு நம் கடற்கரையில் ஒரு பாடம் சொல்கிறது. உப்புக் காற்றும் மழை நீரும் சேருமிடத்தில், இயந்திரம் சாகும் முன்பே வண்டியின் அடித்தளம் துருப்பிடித்து உளுத்துப் போவதுண்டு. இயந்திரத்தை இறக்கலாம்; சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம்; வேறு இயந்திரமே பொருத்தலாம். அம்பாசிடரின் வரலாறே இதற்குச் சான்று. 1950களின் இறுதியில் உத்தர்பாரா ஆலையில் பிறந்து 2014 மே மாதம் உற்பத்தி நின்றது வரை, அதன் உருவம் பெரிதும் மாறவில்லை. உள்ளேயோ, தொடக்கத்தில் ஆங்கிலேய வழி இயந்திரம். 1990களில் ஜப்பானிய இசுசு இயந்திரம். ஆனால் அடிச்சட்டமும் தளமும் அரித்துப்போன வண்டியில் புதிய இயந்திரம் பொருத்துவது, இடிந்த சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதே.

இங்கே சீறா நூல்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. புனித ஆலயத்தை ஒரு வண்டியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. பழுது நீக்குவதில் மனிதர்கள் காட்டிய ஒழுங்கை எண்ணிப் பார்ப்பதே நோக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ 35 வயதானபோது, கஅபாவின் சுவர்கள் பலமிழந்திருந்தன. திருத்திக் கட்டக் குறைஷியர் முடிவு செய்தனர். எனினும் இடிக்க எவருக்கும் துணிவில்லை. வலீத் இப்னு முகீரா முதல் அடியை அடித்தார். மற்றவர்கள் ஓர் இரவு முழுவதும் காத்திருந்து, அவருக்குத் தீங்கு நேரவில்லை என்று கண்ட பின்னரே கைகொடுத்தனர். இடித்துக்கொண்டே போனவர்கள் இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் இட்ட அஸ்திவாரத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டனர். அதன் மேலேயே எழுப்பினர். கூரைக்கு மரம்? கடற்கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலொன்றின் பலகைகள் அதற்கு உதவின. செலவுக்குப் பணம்? வட்டிப் பணமும் அநீதியாய் ஈட்டிய பணமும் கலக்கக் கூடாதென உறுதி பூண்டனர். தூய பணம் போதவில்லை. ஆகவே கட்டடத்தைச் சிறிதாக்கி, ஒரு பகுதியை வெளியே விட்டனர். இன்றும் அரைவட்டச் சுவரால் சூழப்பட்டிருக்கும் ஹிஜ்ர் என்னும் அந்த இடம் அதற்குச் சாட்சி.

அறியாமைக் காலத்தவர் என்று நாம் அழைக்கும் அம்மக்களிடம் மூன்று தெளிவுகள் இருந்தன: உளுத்ததை இடிக்கத் தயங்கக் கூடாது, உறுதியானதை இடிக்கக் கூடாது, கைக்காசு போதாதபோது அளவைக் குறைக்கலாமே தவிர, தகாத பணத்தைச் சேர்க்கக் கூடாது. சுரக்குடி வீட்டின் மூன்று குரல்களுக்கும் இங்கே விடை இருக்கிறது.

தாயாரின் குரலை முதலில் கேட்போம். தகப்பனார் வாங்கிய வண்டி என்ற பற்று இழிவானதன்று. ஆனால் பற்று வேறு, பராமரிப்பு வேறு. முதல் மாருதி 800 காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து பெற்றவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். அவர் 2010இல் மறையும் வரை அதைப் பிரியவில்லை. அதன்பின் அவ்வண்டி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது. பின்னாளில் அது புதுப்பிக்கப்பட்டு, அதைச் செய்த நிறுவனத்தின் தலைமையகத்தில் காட்சிப் பொருளாயிற்று. ஓட்டிய வரை அது வண்டி. ஓட்டாமல் நின்றபோது சுமை. இப்போது நினைவுச் சின்னம். நம் வீடுகளில் காட்சிக்கூடம் இல்லை. தகப்பனாரின் நினைவைக் காக்க அவர் பெயரால் செய்யும் ஒரு தர்மம் போதும். உளுத்த இரும்பு வேண்டியதில்லை.

இளையவனின் சிக்கனமும் பாராட்டத்தக்கதே. நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீண் விரயத்தை வெறுக்கும் மார்க்கத்தில் பழுது பார்ப்பது குறைவன்று, பண்பு. ஆனால் செருப்பின் ஒட்டு அறுந்தால் அணிந்தவர் காலே வருந்தும். வண்டியின் பிரேக் அறுந்தால் சாலையில் நடக்கும் பிறர் பிள்ளை வருந்தும். நம் சிக்கனத்தின் விலையைப் பிறர் கொடுக்கக் கூடாது. புகையும் அப்படியே. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் ஆறாம் கட்டப் புகை விதிகளுக்கு உட்பட்டவை. பழைய இயந்திரம் எண்ணெயை எரித்து விடும் புகை பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தையின் மூச்சில் கலக்கிறது. 2025இல் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நாடெங்கும் வந்தபின், பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் அடிக்கடி பார்ப்பது கட்டாயமாயிற்று. பழுது பார்ப்பதென்றால் முழுதும் பார்க்க வேண்டும். அரைகுறைப் பழுது சிக்கனமன்று, பிறருக்கு இழைக்கும் அநீதி.

மூத்தவனின் குரலில் பாதுகாப்பைப் பற்றிய கவலை இருக்குமானால் அதை மதிக்க வேண்டும். 2019 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் அந்தக் கவலைக்குள், ‘ஊரார் என்ன நினைப்பார்கள்?’ என்ற கூச்சம் ஒளிந்திருக்கிறதா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். புதிது வாங்குவது குற்றமன்று. வட்டிக்கு வாங்குவதே நம்மை உறுத்த வேண்டியது. பழைய வண்டி மாதந்தோறும் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்கிறதென்று நொந்துகொள்பவன், புதிய வண்டி ஏழாண்டுக் காலம் வங்கியிடம் இழுத்துச் செல்லும் என்பதை எண்ணுவதில்லை. கைப்பணத்துக்கு ஏற்ற, நல்ல நிலையிலுள்ள சிறிய பழைய வண்டியை வாங்கலாமே! குறைஷியர் கட்டடத்தைச் சிறிதாக்கியதுபோல, நாம் ஆசையைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ‘தள்ளிவிடுங்கள்’ என்கிறானே, யார் மீது தள்ளுவது? கெட்டியான எண்ணெய் ஊற்றிப் புகையை ஒரு வாரம் மறைத்து, விவரம் அறியாத ஓர் ஏழை ஓட்டுநரின் தலையில் கட்டுவது சந்தையில் வழக்கமாயிருக்கலாம். குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் ஏற்கவில்லை. மதீனத்துக் கடைவீதியில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்தவர் கண்டிக்கப்பட்ட செய்தியை அறியாதவர் யார்? குறையைச் சொல்லி, குறைத்து விற்கலாம். அல்லது அரசு 2021இல் கொண்டுவந்த கொள்கைப்படி, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

ஆகவே நம் முடிவு இதுதான். அடித்தளம் உறுதியாயிருந்து, உதிரிப் பாகமும் நம்பகமான கையும் கிடைத்து, கைப்பணத்தில் அடங்குமானால், இயந்திரக் கோளாறு ஒன்றை மட்டும் காரணமாக்கி வண்டியைத் துறக்க வேண்டியதில்லை. முழுமையாகப் பழுது நீக்கி ஓட்டுக. அடித்தளம் உளுத்துவிட்டதானால், எவ்வளவு அருமையான நினைவு அதில் அமர்ந்திருந்தாலும், உண்மையைச் சொல்லி விடை கொடுத்தனுப்புக. இரண்டு நிலையிலும் கடனை வாசலுக்கு வெளியே நிறுத்துக.

வண்டி நம்மிடம் உள்ள அமானிதம். அதில் ஏறுவோர் உயிரும் அமானிதம். எதிரே நடந்து வருபவர் உயிரும் அமானிதமே. இம்மூன்றையும் நினைவில் வைத்து முடிவெடுத்த குடும்பம், வாசலில் நிற்பது பழைய வண்டியாயினும் புதிய வண்டியாயினும், நிம்மதியாக அதில் ஏறிச் செல்லலாம்.