சொல்லாத உரிமை

கொல்கத்தாவின் தெற்கில், முன்பு தாகுரியா ஏரி என்றும் இப்போது ரவீந்திர சரோவர் என்றும் வழங்கும் நீர்ப்பரப்புக்கும் அதன் தென்கரையை ஒட்டி ஓடும் பஜ்பஜ் ரயில் பாதைக்கும் அப்பால் அமைந்த லேக் கார்டன்ஸ், வங்காளிகளின் குடியிருப்பாகவே அறியப்பட்டாலும், ஏரிக்கு வடக்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றிப் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் கிளைகளையும் கொண்டது. இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் பாட்டியின் விக்கிரமாதித்தன் கதையும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அரக்கன் கதையும் ஒருசேரக் கிடைக்கின்றன. பதின்வயதை எட்டியதும் கடல்கடந்து வரும் மாயாஜாலக் காதல் தொடர்களும் கைக்கு வந்துசேர்கின்றன. இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், காதல் என்றால் என்ன, அதில் யாருக்கு யார் என்ன கடமைப்பட்டவர் என்பதைப் பற்றிய முதல் பாடத்தைப் பெரும்பாலோர் இத்தகைய கதைகளிலிருந்தே பெறுகிறார்கள் என்பதால், அந்தப் பாடம் எது என்று கேட்டுப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

வங்காளத்துக்கென்றே அப்படி ஒரு தொடர் உண்டு. தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார், கிழக்கு வங்கத்து மைமன்சிங் வட்டாரக் கிராமங்களில் முதியவர்கள் சொல்லக் கேட்டுத் திரட்டிய கதைகளை நான்கு நூல்களாக்கினார். முதலாவது, 1907-இல் தாகூரின் முன்னுரையோடு வெளிவந்த 'தாகுர்மார் ஜுலி', அதாவது பாட்டியின் பை. அரக்கர், பேசும் பறவை, தூங்கும் அரண்மனை என வரும் ரூப்கதா வகைக் கதைகள் அதில் உள்ளன. 1905-இன் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் சூடேறியிருந்த காலம் அது. பிள்ளைகளின் கதைகள்கூட மான்செஸ்டரிலிருந்து இறக்குமதியாகும் நிலை வந்துவிட்டதே என்ற ஆதங்கம் தாகூரின் முன்னுரையில் ஒலிக்கிறது. ஈராண்டு கழித்து வந்த 'தாகுர்தாதார் ஜுலி', அதாவது தாத்தாவின் பை, உரைநடையினிடையே பாட்டு விரவிவரும் கீதிகதா என்னும் வகையைச் சேர்ந்தது. நோன்புக் கதைகளும் நகைச்சுவைக் கதைகளும் மற்ற இரண்டு நூல்களில் இடம்பெற்றன. இவற்றுள் காதலை நேரடியாகப் பேசுவது தாத்தாவின் பைதான். மதுமாலா, மாலஞ்சமாலா எனக் கதைத்தலைவியரின் பெயரே அங்கே கதைகளுக்கும் பெயராகிறது.

மதுமாலாவின் கதை எல்லோருக்கும் பழகிய காதல். இரவில் தேவதைகள் கொண்டுசேர்க்க, ஒரே ஓர் இரவு சந்தித்த அரசகுமாரனும் அரசகுமாரியும் விழித்தெழுந்ததும் பிரிந்து கிடக்கிறார்கள். கனவா நனவா என்று தெரியாத அந்த முகத்தைத் தேடி அவன் கடலேறுகிறான். வங்க மேடை இதை விடாமல் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. நஸ்ருல் இஸ்லாமும் ஜசிமுத்தீனும் இதை நாடகமாக்கியிருக்கிறார்கள். கண்டதும் காதல், பிரிவு, தேடல், கூடல் என்ற இந்த வரிசையில் எவருக்கும் எந்தக் கணக்கும் பாக்கி நிற்பதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அறிந்தவர்கள், ஒரே அளவு அறியாதவர்கள். இதைப் பற்றி மேலும் சொல்ல அதிகம் இல்லை.

மாலஞ்சமாலாவின் கதை அப்படிப்பட்டதன்று. பிறந்த பன்னிரண்டாம் நாளில் இறக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்ட ஓர் அரசிளங்குழந்தையைப் பிழைக்க வைக்க, சரியாகப் பன்னிரண்டு வயதான ஒரு பெண்ணுக்கு அதை மணமுடிக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அரச குலங்களில் பெண் கிடைக்காதபோது, நகரக் காவல் தலைவனான கொத்வாலின் மகளான மாலஞ்சமாலா அந்த இடத்தில் நிறுத்தப்படுகிறாள். அவளை எவரும் மருமகளாகக் கருதவில்லை. பரிகாரமாகத்தான் கருதினார்கள் என்பதைக் கதை மறைக்கவில்லை. குழந்தை அன்றிரவே இறந்ததும் பழி அவள்மேல் விழுகிறது. கொடுந்தண்டனைக்கு உள்ளாகிச் சிதையில் குழந்தையோடு ஏற்றப்படுகிறாள். பேய்கள் வந்து பிணத்தைக் கேட்கின்றன. அவள் தர மறுத்து மடியிலேயே வைத்திருக்கிறாள். விடிவதற்குள் குழந்தைக்கு உயிர் வருகிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குச் சாவித்திரி நினைவுக்கு வருவாள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையும் உருகாத வெண்ணெயும் வைத்து மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் காரடையான் நோன்பைத் தமிழ் வீடுகள் நோற்க, சில மாதங்கள் கழித்து ஜைஷ்ட மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் அதே சாவித்திரிக்கு வங்காளப் பெண்களும் நோன்பிருக்கிறார்கள். வங்காளத்துக்கு இன்னொரு துணையும் உண்டு: மனசாமங்கல் காவியத்தில், முதலிரவில் பாம்பு தீண்டி இறந்த லக்கிந்தரின் உடலோடு வாழைத்தண்டுத் தெப்பத்தில் மிதந்து போகும் பேஹுலா. சாவித்திரி எமனை வாதத்தால் வென்றாள்; பேஹுலா தேவசபையை நடனத்தால் வென்றாள். வெற்றி கிடைத்ததும் இருவரின் வேலையும் முடிந்துவிடுகிறது, ஏனெனில் மீண்டு வந்தவன் வளர்ந்த ஆண்மகன், தன்னை மீட்டவள் யார் என்று அறிந்தவன். மாலஞ்சமாலாவுக்கோ வேலை அங்கேதான் தொடங்குகிறது. மடியில் இருப்பது சிசு. அதற்குப் பால் வேண்டும், நிழல் வேண்டும், பின்பு எழுத்தும் கல்வியும் வேண்டும். காட்டுப் புலிகள் அவளுக்கு மாமனும் மாமியுமாகித் துணைநிற்கின்றன. பிள்ளை படிக்கும் வயது வந்ததும் வேறொரு நாட்டு நகரத்துக்குப் போய்ப் பூக்காரி ஒருத்தியின் வீட்டில் ஒதுங்கி, அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். தான் அவனுக்கு யார் என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை.

கல்கத்தா பல்கலைக்கழகம் 1920-இல் வெளியிட்ட வங்காள நாட்டார் இலக்கியம் பற்றிய தம் ஆங்கில நூலில் இக்கதையை மொழிபெயர்த்துச் சேர்த்த தினேஷ் சந்திர சென், அவளைப் பெண்மையின் உச்சமாகவே கண்டார். அவருக்குப் பின் வந்த பலரும் இதையே வழிமொழிந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அரண்மனையின் அச்சத்துக்குப் பலியிடப்பட்டதைத் தியாகம் என்று பாடுவது பலியிட்டவர்களுக்கு வசதியான வாசிப்பு என்பதை அந்தப் புகழுரை கவனிக்கவில்லை. ஆனால் எதிர்த்திசையில் சென்று, இது ஆணாதிக்கக் கட்டுக்கதை என்று மூடி வைப்பதும் கதைசொல்லிகளுக்கு நியாயம் செய்வதாகாது. அரசன் செய்த கொடுமையை அவர்கள் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். அதைவிட முக்கியமாக, மாலஞ்சமாலாவின் மௌனத்துக்கு என்ன விலை என்பதையும் சொன்னார்கள்: அவள் வளர்த்த பிள்ளை அந்நாட்டு இளவரசியைக் காதலித்து மணக்கிறான். பிறகு அவன் சிறைப்பட்டபோது இரும்புச் சங்கிலியைப் பல்லால் கடித்து அறுக்கிறவள் மாலஞ்சமாலா. அப்போதும், அவனும் இளவரசியும் அவன் தந்தையின் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்படும்போது அவள் வெளியே விடப்படுகிறாள்.

அவள் ஏன் சொல்லவில்லை? செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பது தமிழ் வீடுகளில் எழுதாச் சட்டம்; வங்காள வீடுகளிலும் இதற்கு மாறான வழக்கு இருப்பதாகத் தெரியவில்லை. நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் அந்த நகையின் பேச்சை எடுக்கமாட்டாள். எடுத்தால் அன்பு கணக்கு வழக்காகிவிடும் என்று அஞ்சுவாள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. சொன்ன மறுகணம் கேட்டவன் கடனாளியாகிறான். கடனாளியின் காதலை நம்புவது கடினம். மாலஞ்சமாலா அவனைக் கடனில்லாதவனாக வளர்க்க விரும்பினாள் என்று கொண்டால், அவள் மௌனம் அவள் கொடுத்தவற்றுள் மிகப் பெரிய கொடை. ஆயினும் அதே மௌனம் அவனிடமிருந்து ஒன்றைப் பறிக்கவும் செய்கிறது. அறியாதவன் நன்றி காட்டவும் முடியாது, நன்றி மறக்கவும் முடியாது. அறிந்தபின் எதைத் தேர்ந்திருப்பான் என்பது அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இதே முடிச்சு, நூறாண்டுக்குப் பின் வேறொரு கண்டத்தில் எழுதப்பட்ட தொடரில் தலைகீழாக வருகிறது. அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸ் 2015-இல் தொடங்கிய 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோஸஸ்', இன்றைய இளம் வாசகரிடையே பரவலாக அறியப்பட்ட மாயாஜாலக் காதல் தொடர்களுள் ஒன்று. அதன் நாயகி ஃபேய்ரே, மானுடப் பெண். மாய இனத்தவனான டாம்லினை மீட்க உயிரையே கொடுத்து, பிறகு உயிர்ப்பிக்கப்படுகிறாள். இரண்டாம் நூலில், அவளை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் டாம்லின் காவல் என்ற பெயரில் அவளை மாளிகைக்குள்ளேயே அடைத்துவிட, அவள் அங்கிருந்து நீங்குகிறாள். அவன் காதல் பொய்யன்று. அவள் எங்கே போகலாம், எதை அறியலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அந்தக் காதலிலிருந்து தனக்குக் கிடைத்துவிட்டதாக அவன் நினைத்ததுதான் கேடு.

அதைவிடக் கூர்மையான இடம் அடுத்து வருகிறது. அத்தொடரில் 'மேட்' என்றொரு கருத்து உண்டு. விதியே இருவரை இணையாகப் பிணைத்திருப்பதை அது குறிக்கும், ஏறத்தாழ நம்மவர் சொல்லும் முன்ஜென்மத் தொடர்பு. ஃபேய்ரேயின் இணை டாம்லின் அல்லன், ரைசாண்ட் என்பவன். அவனுக்கு அது முன்பே தெரியும். அவளிடம் அவன் சொல்லவில்லை. அவள் மனம் நொந்து மீண்டுவரும் காலத்தில் விதியின் பெயரால் அவளை நெருக்கக் கூடாது என்பது அவன் நியாயம். வேறொருவர் வாயிலாக அதை அறிந்ததும் ஃபேய்ரே கொதிக்கிறாள். தன் வாழ்க்கையைப் பற்றிய செய்தி தன்னைத் தவிர மற்றவர்க்குத் தெரிந்திருந்தது என்பது அவள் கோபம். தனியே ஒரு மலைக்குடிலில் சில நாள் இருந்துவிடுகிறாள். அவன் தேடி வரும்போது அடுப்பில் சூப் சூடாகிறது. அந்த உலகத்தின் வழக்கப்படி பெண் தன் கையால் உணவு தருவது பிணைப்பை ஏற்றதற்கு அடையாளம். அவள் உடனே தந்துவிடவில்லை. முதலில் எல்லாவற்றையும் சொல்லச் செய்கிறாள். முழுக் கதையையும் கேட்ட பிறகே கிண்ணம் அவன்முன் வைக்கப்படுகிறது.

மாலஞ்சமாலா ஆண்டுக்கணக்கில் உணவு தந்தாள், கதையைத் தரவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மாஸின் தொடரைத் தரம் குறைந்த வணிக எழுத்து என்று புறந்தள்ளும் பெரியவர்கள் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. நடை அளவில் மித்ர மஜும்தாரின் அருகில்கூட அது வராது. கிராமத்து மூதாட்டியரின் பேச்சொழுக்கை அச்சில் பிடித்துவந்த அந்தக் கைத்திறன் வேறு. ஆனால், உண்மையை அறிந்தபின்னரே ஒருவர் 'ஆம்' என்று சொல்ல முடியும் என்ற ஒரு செய்தியில், புதிய தொடர் பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது.

பழைய தொடருக்குள்ளேயே இதற்கொரு மாற்றுவழி இருப்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியின் பையில் உள்ள காங்கன்மாலா, காஞ்சன்மாலா கதையில், நண்பனான இடையனுக்குக் கொடுத்த வாக்கை அரியணை ஏறியதும் மறந்த அரசனின் உடம்பெல்லாம் ஊசி முளைக்கிறது. நீராடப் போன அரசி காஞ்சன்மாலாவின் ஆடையணிகளைப் பூண்டு, அவள் தன் கைவளையல் கொடுத்து வாங்கிய பணிப்பெண்ணே அரசியாகிவிடுகிறாள். உண்மை அரசி அடுப்படியில் வேலைக்காரி. அவளும் தன் உரிமையைச் சொல்வதில்லை. ஆனால் அங்கே வரும் ஓர் அந்நியன், இன்று நோன்பு நாள், இருவரும் பிட்டே என்னும் அரிசிப் பலகாரம் செய்து, அரிசிமாக் கரைசலால் ஆல்பனா என்னும் தரைக்கோலம் போடட்டும் என்கிறான். போலி அரசியின் பலகாரம் தடித்துக் கிடக்கிறது. கோலம் என்ற பெயரில் அவள் கரைசலை அங்குமிங்கும் அப்பிவைக்கிறாள். மற்றவள் செய்த சந்திரபுலியும் பிறவும் வாயில் கரைகின்றன. அவள் விரல் போன வழியில் தாமரையும் கொடியும் நெற்கதிரும் லட்சுமியின் பாதமும் தரையில் விரிகின்றன. யார் அரசி என்று அதற்குமேல் எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரையின் இருபுறத்திலும் ஆல்பனாவும் கோலமும் போட்டுப் பழகிய பெண்களுக்கு இந்தச் சோதனையின் நியாயம் உடனே விளங்கும்.

எனினும் இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது. காஞ்சன்மாலாவுக்கு அந்த அந்நியன் வந்தான். அவனே அந்த இடையன், பார்க்கத் தெரிந்த கண்ணுடையவன். செய்த வேலையே பேசிவிடும் என்று காத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் அப்படியொருவன் வருவதில்லை. மாலஞ்சமாலாவின் கதையிலும் நெடுங்காலம் வரவில்லை. கடைசியில் அரண்மனை அவளை ஏற்றுக்கொள்கிறது, அதுவும் அவள் பட்டதெல்லாம் பட்டு முடிந்த பிறகு. மௌனத்தைப் புகழ்ந்தவர்கள் மாலஞ்சமாலாவின் இழப்பை மட்டுமே எண்ணினார்கள், அதிகம் போனால் அரசகுமாரனின் அறியாமையையும் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கில் வராதவள் அந்த இளவரசி. தன்னோடு படித்தவனை, தாய்தந்தை யாரென்று தெரியாதவனை, அவனாகவே கண்டு விரும்பி மாலையிட்டவள் அவள். அவன் ஏற்கெனவே ஒருத்திக்குக் கணவன் என்பதும், அந்த ஒருத்தி பூக்காரியின் வீட்டிலிருந்து தினமும் அவனைப் பள்ளிக்கு அனுப்பியவள் என்பதும் தெரிந்திருந்தால் அவள் மாலையை நீட்டியிருப்பாளா, நீட்டாமல் திரும்பியிருப்பாளா, இரண்டில் எதுவாயினும் முடிவு அவளுடையதாக இருந்திருக்கும்.